கரையில் நின்ற தவளை

தவளை என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு குளியலறைக் கதவுக்கு வெளியே. என் சித்தி மகளுக்கு அப்போது உடம்புக்கு முடியாமல் இருந்தது. வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக நான் போயிருந்தேன். அவளுடைய மூத்த பையன், பத்து வயது இருக்கும், கதவைக் குத்திக்கொண்டு நின்றான்.

"அம்மா! இந்தத் தவளை வெளிய வரவே மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு!"

உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு பதில் வந்தது. "நீ குளிச்சு என்ன ஆகப் போகுது? ரெண்டு மக்கு ஊத்திக்கிட்டு ஓடி வரப் போற. அப்படியே போ!"

கதவு திறந்தது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி, விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போய், பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு நீளமானது, அழகானது. அது ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் மட்டும்தான் பிழைத்துக் கிடக்கிறது. அண்ணன் வைத்த பெயர்தான் ஊர் முழுக்க நின்றது.

அந்தத் தவளைக்கு இப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. கூரை போட்ட ஒரு நீச்சல் குளத்தில் ஆசிரியை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இவளிடம் வருவதெல்லாம் வளர்ந்தவர்கள், அதிலும் தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவர்கள். தையல்காரி ஒருத்தி, லாரி ஓட்டுகிறவர் ஒருவர், பேரன் எடுத்த கணக்காளர் ஒருவர் என்று வரிசையாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். கழுத்தில் விசில் ஆட, தோளை அகட்டிக்கொண்டு இவள் அவர்கள் முன்னால் நடப்பாள். "தண்ணிய அடிக்காதீங்க. அது உங்கள ஒண்ணும் பண்ணல." "மூச்ச எதுக்கு இறுக்கிப் பிடிக்கிறீங்க? யாரும் பிடுங்க வரல." இப்படியே பேசிப் பேசி அவர்களை இறக்கிவிடுவாள். ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. ஏணிப்படியில் செருப்புக் காலோடு யாராவது ஏறினாலோ இறங்கினாலோ, காது கிழிய ஒரு விசில். அவருக்கு அன்றைக்கு வகுப்பு இல்லை. மேனேஜராகவே இருந்தாலும் அப்படித்தான்.

எங்கள் சொந்தக்காரர்களை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: தண்ணீரில் இறங்குகிறவர்கள், இறங்காதவர்கள். தவளையின் அம்மா வழி முழுக்க இறங்குகிற ஆட்கள். என் சித்தி, அதாவது தவளையின் பாட்டி, எழுபது வயதிலும் மல்லாந்து மிதந்தவள். அப்பா வழி நேர்மாறு. அவளுடைய அப்பா மழைத் தண்ணீர் தேங்கிய தெருவைக் கடக்கவே ஆள் துணை தேடுவார். அவருடைய அக்கா, படகில் ஏற வேண்டியிருந்த ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல சம்பந்தத்தை வேண்டாம் என்று சொன்னவள். தவளை அம்மாவைக் கொண்டு பிறந்தாள். அண்ணன் அப்பாவை அப்படியே உரித்துக்கொண்டு வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தில், ஆழம் தெரியாத இருட்டுக் குழிக்கு மேலே, ஒற்றைக் கம்பியில் கால் வைத்து நின்று போல்ட் முடுக்குவான். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தவளைக்கு நோய் வந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. கை காலெல்லாம் கன்றிப்போன நீலத் திட்டுகள். குளத்து விளிம்பில் இடித்துக்கொண்டதாக அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தத்தைச் சோதித்தவர்கள் அன்றைக்கே கட்டிலில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தப் புற்றுநோய். மருந்துகள் ஏற்றினார்கள், அடங்கியது, மறுபடி தலை தூக்கியது. இனி வேறொருவருடைய ஸ்டெம் செல் ஏற்றுவதுதான் வழி என்று டாக்டர் சொன்னார். ரத்தம் ஊறுகிற விதை மாதிரி அது. கூடப் பிறந்தவர்களிடம் பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்பார்களாம். கூடப் பிறந்தது ஒரே ஒருத்தன். பார்த்தார்கள். அச்சு அசலாகப் பொருந்தியது.

ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் பட்டினியாகப் போயிருக்கிறான். அங்கே நாற்காலியில் சாயவைத்து, இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து மிஷினில் சுற்றவிட்டு, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மறு கை வழியாகத் திருப்பி அனுப்பினார்களாம். அவன் மிஷினையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர், இதுல ஏதோ ஒரு பேரிங் முனகுது."

"அது அப்படித்தாங்க முனகும். நீங்க முனகாம, கைய மடக்காம இருங்க."

அண்ணனிடமிருந்து எடுத்ததை ஒரு சின்னப் பையில் கொண்டுவந்து தங்கைக்கு டிரிப்ஸ் போல ஏற்றினார்கள். அதற்கு முன்னால் அவளுடைய சொந்த ரத்தம் ஊறும் இடத்தையெல்லாம் மருந்தால் துடைத்து எடுத்திருந்தார்கள். முடி போய்விட்டது. வாயெல்லாம் புண். இரட்டைக் கதவு போட்ட தனி அறை. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போனில் பேசுவோம். பை காலியானதும் தவளை போனை எடுத்தாள். "இவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றாள். குரல் பாதிதான் வந்தது. ஆனாலும் அது அவளுடைய குரல்தான்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. விதை முளைத்ததா இல்லையா என்று தினமும் ரத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு காலையில் வெள்ளை அணுக்கள் தலை காட்டின என்று டாக்டர் சொன்னபோது, அண்ணன் வராந்தாவில் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அது போதும்.

வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வீட்டு மாடிதான் அவளுக்கு எப்போதும் வீடு. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். சமையலுக்கு மறுபடி நான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுப்பேன். பச்சையாக எதுவும் கூடாது, தோல் உரிக்காத பழம் கூடாது, பூந்தொட்டி கூடாது, தும்முகிற ஆள் வாசல் பக்கமே வரக் கூடாது. இத்தனையையும் கவனிக்கத் தலைமாட்டில் விசிலை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கை கழுவாமல் உள்ளே வந்தால் விசில். முதல் வாரங்களில் அது ஊதவே ஊதாது. புஸ் என்று காற்றுத்தான் வரும். அவள் ஊதியது தெரியாமல் அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, நேராகக் கட்டிலுக்கே வந்துவிடுவாள். அப்புறம் ஒரு நாள் பின்கட்டில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ஒரு விசில் கேட்டது பாருங்கள், கையிலிருந்த தட்டு தானாக விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கழுவாத கையோடு அண்ணி நடு அறையில் கல்லாய் நிற்கிறாள். கட்டிலில் இவள் சிரிக்கிறாள்.

நடுவில் உடம்பெல்லாம் சிவந்து தடித்து அரிப்பெடுத்தது. புதிதாக வந்த அணுக்களுக்கு இந்த உடம்பு அந்நியமாகத் தெரிகிறதாம், அதனால் சண்டை போடுகின்றனவாம். அடக்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். "சின்ன வயசுலயும் இவன் இப்படித்தான் பெரியம்மா. சும்மா இருக்கிறவளக் கிள்ளுவான்" என்றாள் தவளை. தடுப்பூசிகளையும் பழையபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. கைக்குழந்தைகளின் வரிசையில் போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு தாய், "குழந்தை எங்கங்க?" என்று கேட்டாள். "நான்தாங்க குழந்தை. இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கேன்" என்று இவள் கையை நீட்டினாள். ஊசி போட்டபோது பக்கத்துக் குழந்தை அழுதது. தான் அழவில்லை என்று இவள் பெருமையடித்துக்கொண்டே வீடு வந்தாள்.

விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். அவளுடைய ரத்த வகையே மாறிவிட்டது. பிறந்ததிலிருந்து இருந்தது போய், அண்ணனுடைய வகை வந்துவிட்டது. அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் எங்களுக்கு அது லேசாகப் படவில்லை. டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தவள், இப்போது அண்ணனைப் போலக் கறுப்பாக, சர்க்கரை இல்லாமல் குடித்தாள். மருந்தில் நாக்கு மாறியிருக்கும் என்றார் டாக்டர். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஒரு வருஷம் போல ஆனதும் குளத்துக்குத் திரும்பிப் போனாள். தண்ணீரில் இறங்க இன்னும் அனுமதி இல்லை. கரையில் நின்றே சொல்லிக் கொடுத்தாள். நீளமான அலுமினியக் கம்பு ஒன்று கையில். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, மாணவர்களை அதில் குப்புறப் படுக்கவைத்து, காற்றிலேயே கை கால் அடிக்கப் பழக்கினாள். வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சு விடச் சொன்னாள். தண்ணீருக்குள் அவர்களைப் பிடித்துக்கொள்ள உதவி ஆசிரியை ஒருத்தி இருந்தாள். வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. கரையில் நிற்கிற தவளையைப் பார்த்து எல்லாரும் இது தற்காலிகம் என்று நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு டாக்டர் சொன்னார்: "ரத்த அணு எண்ணிக்கையெல்லாம் நல்லா இருக்கு. மருந்து ஏத்த நெஞ்சுல வச்சிருந்த குழாயையும் எடுத்தாச்சு. தாராளமா இறங்கலாம்."

அன்றைக்கு நானும் போனேன். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். புது நீச்சல் உடை, தலையில் சுருட்டை சுருட்டையாக முளைத்த புது முடியின் மேல் தொப்பி. ஏணியைப் பிடித்தாள். ஒரு படி, இரண்டு படி. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அங்கேயே நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். ஏணியை விடவே இல்லை. திரும்பி ஏறி வந்து துண்டைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி என்ன யாருன்னு கேக்குது பெரியம்மா."

அதற்கப்புறம் பல தடவை முயன்றாள். மூன்றாம் படியைத் தாண்டவில்லை. அந்தக் குளத்தில் ஒரு விதி உண்டு. ஆசிரியர்கள் வருஷா வருஷம் ஒரு பரீட்சை கொடுக்க வேண்டும்: குளத்தின் அந்தக் கடைசி வரை நீந்திப் போய்த் திரும்பி, ஆழமான பக்கத்தில் அடியில் கிடக்கும் ரப்பர் கட்டியை முக்குளித்து எடுத்து வர வேண்டும். நோயில் இருந்தவள் என்று ஒரு வருஷம் விட்டுவிட்டார்கள். மேனேஜர் நல்ல மனுஷர். அவளிடம் பேசும்போது சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடுமுறை வகுப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க பரீட்சைய முடிச்சிட்டா நல்லதும்மா. இல்லன்னா டிக்கெட் கவுண்டர்ல ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு இல்லாததா?" தவளை வீட்டுக்கு வந்து சொன்னாள்: "கண்ணாடிக்குப் பின்னாடி நான் உக்காந்தது போதும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணி விளையாட்டாகத்தான் சொன்னாள். "எல்லாம் உங்க அண்ணன் ரத்தம் பண்ற வேலை. டீயில ஆரம்பிச்சுது, இப்ப தண்ணியில வந்து நிக்குது."

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் டாக்டரிடமே கேட்டுவிட்டான். பயம் ரத்தத்தில் போகுமா? போகாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ரொம்ப நாள் படுத்த உடம்பு, தசையெல்லாம் கரைந்து போயிருந்தது, அதற்குத் தன் பலத்தின் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான் என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். வெளியே வந்ததும் என்னிடம், "அவரு ரத்தத்தப் பத்திப் படிச்சிருக்காரு பெரியம்மா. எங்க அப்பா குடும்பத்தப் பத்திப் படிக்கல" என்றான். படகுக்குப் பயந்து அவன் அத்தை விட்ட சம்பந்தத்தை நானும் நினைத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னது எனக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்தவளுக்கு ஒரு பேச்சில் விட்டுவிட முடியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவளையின் வகுப்பில் புது ஆள் ஒருவர். தையல்காரிக்கும் லாரிக்காரருக்கும் நடுவே, தொடை வரை தொங்கும் கால்சட்டையும் காதை மூடிய ரப்பர் தொப்பியுமாக அண்ணன் நின்றான். தவளை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள், அவனிடம் வந்ததும் நின்றாள்.

"இங்க என்ன பண்ற?"

"பணம் கட்டிருக்கேன். சொல்லிக் குடு."

"உனக்கு என்ன பைத்தியமா? நீ மக்குத் தண்ணிக்கே கண்ண மூடுவ."

"இங்க பாரு, லிஃப்ட் பெட்டி நடுவுல நின்னா பெட்டிய நோண்டிப் பிரயோஜனமில்ல. மேல மோட்டார் ரூமுக்குப் போகணும். கோளாறு அங்கதான். ரத்தம் என்னுது. பயமும் என்னுது. மேல சரி பண்ணா கீழ தானா ஓடும்."

தவளை அவனையே பார்த்தாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று பெஞ்சில் இருந்த எனக்குத் தெரியவில்லை. விசிலை ஊதினாள். "சரி, அடுத்தவர் வாங்க. பெஞ்சுல குப்புறப் படுங்க."

"என்னடி, நான் அடுத்தவரா?"

"இங்க எல்லாரும் அடுத்தவர்தான். படுங்க."

பெஞ்சில் அவன் நன்றாகவே நீந்தினான். வாளியில் மூச்சு விட்டான். சில வாரத்தில், ஆழமில்லாத பக்கத்தில் கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கக்கூடத் தொடங்கினான். உதடு நீலம் பாய்ந்து நிற்பான், ஆனாலும் நிற்பான். அடுத்த பாடம் மல்லாந்து மிதப்பது. உதவி ஆசிரியை முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள். அவன் சாய்வான், கால் தரையை விட்டதும் கத்திக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வான். மூன்றாவது தடவை அவளையும் சேர்த்து முக்கிவிட்டான். இருவரும் இருமிக்கொண்டு எழுந்தார்கள்.

"எனக்கு இவங்க கை வேணாம்" என்றான் அண்ணன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கரையில் தவளை கம்பைத் தட்டினாள். "அவங்க கைக்கு என்ன கொறச்சல்? என்னைவிட நல்லாப் பிடிப்பாங்க. சாயுங்க!"

"மாட்டேன். உன் கை இருந்தாதான் சாய்வேன்."

"நான் இறங்க முடியாதுன்னு தெரியும்ல?"

"அப்ப நானும் சாய முடியாது. இப்படியே நிக்கிறேன். குளத்த மூடுற வரைக்கும் நிக்கிறேன்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "அண்ணே, சின்னப் புள்ள மாதிரி அடம் பிடிக்காதீங்க" என்றார் லாரிக்காரர். தவளைக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில் அவள் பேச்சை மீறி ஒருத்தர் நின்றதே கிடையாது.

"எருமை மாடு! வயசு அம்பது ஆகுது, வாலு மட்டும் அறுந்து விழல!" கம்பைத் தூக்கி எறிந்தாள். "எங்க சாய மாட்டேன்னு சொல்லு பாக்கலாம்!" திட்டிக்கொண்டே ஏணியில் இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று படிகளும் போனது அவளுக்குத் தெரியவில்லை. மார்பளவுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து போய், அவன் முதுகில் ஒரு அடி வைத்து, கையைக் கொடுத்து, "சாய்!" என்றாள். அவன் சாய்ந்தான். மிதந்தான்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு ரப்பர் செருப்பு மேலே வந்தது. கொஞ்சம் தள்ளி மற்றது. செருப்போடு ஏணியில் இறங்கியிருக்கிறாள்! தையல்காரி முதலில் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். தவளை திரும்பி, மிதக்கிற செருப்பைப் பார்த்தாள். தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். ஒரு கை அண்ணன் முதுகுக்குக் கீழே இருக்க, மறு கையால் விசிலை எடுத்து, தனக்கே ஒரு விசில் ஊதிக்கொண்டாள்.

அன்று மாலை நான் அவனிடம் தனியாகக் கேட்டேன், அவளை இறக்கத்தான் அப்படி அடம் பிடித்தாயா என்று.

"நீங்க வேற பெரியம்மா. உசுரே போயிட்டிருந்துச்சு, அதுல தந்திரம் வேற பண்ணுவாங்களா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னான்.

மறுநாள் தவளை மூன்றாம் படியில் ஒரு கணம் நின்றாள், அப்புறம் இறங்கினாள். பயம் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், "இருக்கு. ஆனா என்கூட நீந்துது" என்பாள். பழைய வேகம் இல்லை. பாதி தூரத்தில் மூச்சு வாங்கி மல்லாந்துகொள்வாள். விடுமுறை வகுப்புக்கு முந்தின வாரம் பரீட்சை. போனாள், திரும்பினாள், ரப்பர் கட்டிக்கு முக்குளித்தாள். முதல் தடவை வெறுங்கையோடு மேலே வந்தாள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்பது விதி. மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தார். அண்ணன் என் கையை நெரித்தான், வலித்தது. இரண்டாம் தடவை முதலில் மேலே வந்தது கறுப்பு ரப்பர் கட்டி. பிறகு அதைப் பிடித்திருந்த கை. அப்புறம்தான் தலை.

டிக்கெட் கவுண்டரில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். தவளை இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள், கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து விடுகிறாள், சொன்ன தேதிக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறாள். டீ இப்போதும் கறுப்புத்தான். அந்த அலுமினியக் கம்பை மாடியில் குறுக்கே கட்டி அண்ணி துணி காயப்போடுகிறாள். அண்ணனுக்கு நீச்சல் வரவில்லை. வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான்.

இன்றைக்கும் ஞாயிறு. அவர்கள் இருவரும் ஆழமில்லாத பக்கத்தில், மார்பளவுத் தண்ணீரில் இருக்கிறார்கள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறான்.

"கை இருக்கா?" என்று கேட்கிறான்.

"இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, தவளை தன் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே உயரத் தூக்கி எனக்குக் காட்டுகிறாள்.